அச்சில் வந்தால் திரும்பி வரும்

எங்கள் தெருவில் முதலில் காணாமல் போனது மீன்காரி சவேரியம்மாளின் ஒரு வாக்கியம். தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, என் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, ஒரு விளமீனை வாலைப் பிடித்துத் தூக்கி, பதினெட்டு வருஷமாகத் தூத்துக்குடியின் இந்த மூலையில் வாசல் வாசலாகச் சொல்லிச் சொல்லி விற்ற அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தவள், திறந்த வாயோடு நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது, "இதென்ன கூத்து" என்று வந்தது, "ஒரு செம்பு தண்ணி தாங்க மைனி" என்று வந்தது, தண்ணீர் குடித்த பிறகு எதிர்வீட்டு நாயைத் திட்டக்கூட வந்தது. அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

அது என் சாப்பாட்டு மேஜையில், கோடு போட்ட நோட்டில், முந்தின நாள் சாயங்காலம் நான் எழுதி வைத்த இடத்தில் இருந்தது. "கண்ணப் பாருங்க, இன்னும் கடலப் பாக்குது."

கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் இப்போது என்னிடம் வந்து, எத்தனை பக்கம் எழுத வேண்டும், எந்த இதழுக்கு அனுப்ப வேண்டும், பதில் எப்போது வரும் என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்கட்டும். எனக்குத் தெரிந்ததை எனக்கு நடந்த வரிசையில்தான் சொல்ல முடியும். நடுவில் குறுக்கிட்டால் எனக்குப் பிடிக்காது.

நான் எழுத ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. என் கணவர் கஸ்பார் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் மூன்று மாதம் மனிதர், மீதி ஒன்பது மாதம் "சிங்கப்பூர் வந்தாச்சு, நலம்" என்று போனில் வருகிற மூன்று வார்த்தை. மகள் ரெனிட்டா அயர்லாந்தில் நர்ஸ். வீட்டில் நாலு அறை, ஆறு மின்விசிறி, ஒரு ஆள். மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அந்த வீட்டில் கேட்கிற ஒரே குரல் பிரிட்ஜுடையது. ஆகவே எழுதினேன். கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி மார்ஜின் விட்டு, தாளில் ஒரு பக்கம் மட்டும், அடித்தல் திருத்தல் இல்லாமல், திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய கவரையும் வைத்து, கோவில்பட்டியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஒரு சிறிய இதழுக்கு ஆறு கதை அனுப்பினேன். ஆறும் என் கவரிலேயே, என் கையெழுத்தில் என் முகவரியோடு, எனக்கு நானே கடிதம் போட்டுக்கொண்ட மாதிரி திரும்பி வந்தன. ஆறாவதோடு மட்டும் ஒரு கார்டு இருந்தது. ஆசிரியர் சுடலைமணி எழுதியிருந்தார்: "அம்மா, உங்கள் கதையில் குழந்தை, கிழவர், போலீஸ்காரர் எல்லாரும் ஒரே ஆள் மாதிரி, அதுவும் கோபமாகவே பேசுகிறார்கள். வாசலுக்குப் போய்க் காது கொடுங்கள்."

கோபம் வந்தது. கோபத்தோடேயே வாசலுக்குப் போனேன். அங்கே சவேரியம்மாள் நின்று மீன் விற்றுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் நடந்தது.

அவள் வாக்கியம் போன மறுநாள் அவளை உள்ளே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். நோட்டை விரித்து வாசித்துக் காட்டினேன்.

"அதான்! அதேதான்!" என்று கையைத் தட்டினாள். "குடுங்க."

"எப்படிக் குடுக்க? வாயைத் தொற, ஊட்டி விடுதேன்."

"எடுக்கத் தெரிஞ்சவுகளுக்குக் குடுக்கத் தெரியாதாக்கும்? பெரிய படிச்ச பொம்பள!"

நோட்டில் அந்த வரியை அடித்துப் பார்த்தோம். கிழித்துப் பார்த்தோம். கிழித்த தாளைத் தண்ணீரில் கரைத்து அவள் குடித்தும் பார்த்தாள். ஏப்பம் வந்தது, வாக்கியம் வரவில்லை. "கண்ணு தெளிவா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றேன். அதுவும் வரவில்லை, அந்த வாக்கியம் போகும்போது தன் சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. நல்லவேளை, கிழிப்பதற்கு முன்பே அந்த வரி இருந்த கதையை நகலெடுத்துக் கோவில்பட்டிக்கு அனுப்பியிருந்தேன் (நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆலோசனை கேட்டீர்களே, இது ஒன்று). மாசியும் பங்குனியும் சவேரியம்மாள் மீனின் தலையை வாங்குகிறவர் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்து, விரலால் கண்ணைத் தொட்டுக் காட்டி, ஊமைச்சி மாதிரி நின்றாள். நாலு வாசல் தாண்டி இன்னொருத்தியிடம் வாங்கப் போனவர்களை என்னாலும் தடுக்க முடியவில்லை.

சித்திரை இதழில் அந்தக் கதை வந்தது. எனக்கு இதழ் வந்து சேரும் முன்பே அது எங்கோ ஒரு ஊரில், முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போய், அவர் அந்த வரியைப் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் போன சவேரியம்மாள், பாதர் முன்னால் வந்து "ஆமென்" சொல்ல வேண்டிய இடத்தில், கோவில் தூண் அதிர, "கண்ணப் பாருங்க, இன்னும் கடலப் பாக்குது!" என்றாள். பாதர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு கொடுத்தார். அவள் பெஞ்சுக்குத் திரும்பி முழங்காலிட்டு அழுத அழுகையில், போன வாக்கியம் திரும்பி வந்ததா, வேறு எதுவும் சேர்ந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கு விதி தெரிந்துவிட்டது: ஜெசிந்தா, அதாவது நான், காதில் கேட்டு, ஜெசிந்தா கையால் எழுதினால் போகும், அச்சில் வந்து யாராவது படித்தால் திரும்பி வரும், வரும்போது ஒருமுறை தானாகவே வெளியே குதிக்கும்.

வேறு தெருவாக இருந்தால் பயந்திருப்பார்கள், டிவிக்குச் சொல்லியிருப்பார்கள். எங்கள் தெருவுக்குப் புதன்கிழமை என்று ஒன்று இருக்கிறது. புதன் சாயங்காலம் சகாய மாதா நவநாளுக்குப் போய், பீடத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் விண்ணப்பச் சீட்டுப் போடாத குடும்பம் இங்கே கிடையாது. வேலை வேண்டும், வரன் வேண்டும், கல் கரைய வேண்டும் என்று எழுதி எழுதிப் பழகிய கைகள். முதல் புதன் நவநாள் முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தவள் பக்கத்து வீட்டு எஸ்தர். உட்காரவில்லை. முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

"மைனி, மாதாட்ட கேட்டு அலுத்துப் போச்சு. நீங்க எழுதுங்க."

"என்னத்த எழுத?"

"எங்க வீட்டு மனுசன் தட்டு முன்னால ஒக்காந்ததும் ஒண்ணு சொல்வாருல்லா. அத."

அவள் கணவர் ஞானதிரவியம் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் சொல்வது எனக்கும் தெரியும். மதிலுக்கு இந்தப் பக்கம் என் அடுப்படி. இருந்தாலும் முறையாக, மறுநாள் மத்தியானம் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் நோட்டோடு நின்றேன். தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் அவர் குரல்: "உங்கப்பன் ஒன்ன எந்தலையில கட்டிட்டுத் தப்பிச்சுட்டான்." எழுதினேன். வெள்ளிக்கிழமை அவர் தட்டு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தார், மூடினார், சோற்றைப் பார்த்தார், சாப்பிட்டார். சனிக்கிழமையும் அப்படியே. முப்பத்தொரு வருஷமாகச் சோற்றுக்கு முன்னால் ஜெபம் மாதிரி சொன்னது இல்லாமல் எப்படிச் சாப்பிட ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை என்றாள் எஸ்தர். ஒரு மாதம் கழித்து அந்த இடத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ரசம் இருக்கா?"

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் என் கேட்டில் வரிசை நின்றது. மரியதங்கம் தன் மகன் சகாயத்தைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, "சொல்லுல, மைனி முன்னால கடைசியா ஒருக்கச் சொல்லு" என்றாள்; நாற்பது வயசு ஆள், தலையைக் குனிந்துகொண்டு, "நாளைல இருந்து தொட மாட்டேன், ஒங்க மேல சத்தியம்" என்றான்; எழுதினேன். பொய் போனது, குடி போகவில்லை. "எனக்கு இது போதும் மைனி, குடிச்சுட்டுப் பேசாம படுக்கான்" என்றாள் மரியதங்கம். மாமியாரை மருமகள் கூட்டி வந்தாள், மருமகளை மாமியார் கூட்டி வந்தாள், ஒரே வாரத்தில் இருவரும் வாசலில் சந்தித்துக்கொண்டதும் உண்டு. தெருவில் பிளேட்டு சத்தம் கேட்டது, மிக்சி சத்தம் கேட்டது, சண்டை சத்தம் குறைந்தது. செய்த பாவத்தை வந்து சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் குறைந்துவிட்டது என்று பாதர் சிஸ்டர்களிடம் வருத்தப்பட்டாராம்; பிரசங்கத்தில் ஆதரிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை.

நான் நோட்டுக்கு மேல் நோட்டு நிரப்பினேன். நிரப்பியதெல்லாம் முதல் தரம், எந்த எழுத்தாளரும் கொடுத்து வைக்காத சரக்கு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள், யாரும் உட்காரவில்லை. தங்கள் வாயில் இருந்த மிக மோசமான வார்த்தையை என்னிடம் சொல்லிவிட்டு, இலேசாகி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நல்ல வார்த்தை வைத்திருந்தவர்களோ என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள், எங்கே எடுத்துவிடுவேனோ என்று. நான் கடைக்குப் போனால் கடையில் பேச்சு நின்றது. கோவில் வாசலில் என் பக்கத்தில் நின்றவர்கள் தலையை ஆட்டியே நலம் விசாரித்தார்கள். சவேரியம்மாள்கூட மீனைத் தட்டில் போட்டுவிட்டுப் பேசாமல் நடந்தாள். எழுத ஆரம்பித்தால் கூட்டம் சேரும் என்று நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஞாயிறு மட்டும் ஒரு பேச்சு இருந்தது. இராத்திரி டூட்டி முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ரெனிட்டா கூப்பிடுவாள். அவளுக்குக் காலை, எனக்கு மத்தியானம் இரண்டு மணி. சாப்பிட்டியா, மருந்து போட்டியா, அப்பா மெசேஜ் போட்டாரா. நாலு நிமிஷம். சில வாரம் மூன்றரை. அப்புறம் அவள் ஒன்று கேட்பாள். என் வீட்டில் கேட்காமல் சாப்பாட்டு மேஜையை விட்டு எழக்கூடாது, கேட்காமல் போனை வைக்கக்கூடாது. அப்படித்தான் வளர்த்தேன், பிரம்பு வைத்து வளர்த்தேன். ஆகவே அவள் கேட்பாள்: "சரிம்மா, வச்சிரட்டா?" நான் "வை" என்பேன். அப்புறம் பிரிட்ஜ்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நாலு நிமிஷத்துக்கு அவள் வைத்த பிறகு, நோட்டை எடுத்து அதை எழுதினேன். கதைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு மாதமாக ஒரு தெருவின் நாக்கை எழுதியவளுக்கு அது என்ன செய்யும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு அவள் வைக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினாள், வீட்டுக் கதவைத் திறந்தாள், டீ போட்டாள், எல்லாம் என் காதில். ஒரு மணி நேரம். பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய், பாத்திரம் அலம்பினாள், அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் இங்கே சோறு தின்றேன். அன்று தின்ற மாதிரி பல மாதம் தின்னவில்லை. "என்னமோ தெரியலம்மா" என்றாள், "ஒன்னு கேக்கணும்னு வருது, கேக்க முடியல." போனைத் தலையணையில் வைத்துக்கொண்டு தூங்கிப் போனாள். அவள் சார்ஜ் தீரும் வரை அந்த மூச்சைக் கேட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே, ஆனால் இந்த முறை அவள் தூங்கவில்லை. அன்று சாயங்காலம் மறுபடி டூட்டி, பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், கண் எரிகிறது என்றாள், கடைசியில் காரணமில்லாமல் அழுதாள். நான் "வை, நான் சொல்லுதேன்ல, வை" என்றேன். கேட்காமல் வைக்க அவளுக்கு வரவில்லை. நானே வைத்திருக்கலாம். சார்ஜ் தீரட்டும் என்று இருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. "டூட்டிம்மா" என்று மெசேஜ் வந்தது. நான் அடித்தபோது எடுக்கவில்லை. எடுத்தால் வைக்க முடியாது என்று ஆன பிறகு எந்தப் பிள்ளை எடுக்கும்? நாலாவது ஞாயிறும் டூட்டி. கிறிஸ்துமஸ் அன்று ஒரு பூங்கொத்துப் படமும் மூன்று மெழுகுவர்த்தியும் வந்தன. நான் வாங்கி வைத்திருந்த கேக்கைச் சவேரியம்மாளுக்கு வெட்டிக் கொடுத்தேன், "மக பேசுச்சா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அச்சில் வந்தாக வேண்டும். இது வரை எழுதியவர்கள் எல்லாரும் பேருக்காக, ஆசைக்காக அச்சைத் தேடியிருப்பார்கள். எனக்கு என் பிள்ளையின் நாக்கு வேண்டியிருந்தது. டிசம்பர் முடிவதற்குள் நோட்டுகளையெல்லாம் பரப்பி, தெருவின் வார்த்தைகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து, ஒரு தெருவே பேசுகிற மாதிரி பதினெட்டுப் பக்கம் எழுதினேன். பத்தொன்பதாம் பக்கத்தில் போன் அடிக்கிறது, இருபத்திரண்டில் மகள் கேட்கிறாள். நன்றாக வந்திருந்தது என்று எனக்கே தெரிந்தது. தபாலில் சேர்த்துவிட்டு வந்த தெம்பில் சவேரியம்மாளிடம் சொன்னேன். அவளிடம் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி.

புதன்கிழமை கேட்டில் வரிசை நின்றது, ஆனால் யார் கையிலும் வார்த்தை இல்லை. எல்லாருக்கும் முன்னால் எஸ்தர்.

"மைனி, அச்சுல வந்தா எல்லாம் திரும்பி வந்துருமாமே."

"வரும்."

"எங்க வீட்டு மனுசனோடதும்?"

"அதுவும் இருக்கு. மூணாம் பக்கம்."

"அத மட்டும் எடுத்துருங்க மைனி."

"அத எடுத்தா மரியதங்கம் மவனோடது வரும், அத எடுத்தா இன்னொண்ணு. கதையைச் சல்லடையாக்கவா? போஸ்ட் பண்ணியாச்சு, எஸ்தர். என் பிள்ள ஆறு வாரமா எங்கிட்ட பேசல, தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். அந்த வார்த்தைய எடுத்தது யாரு?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "ஒங்களுக்கு அங்க போன்ல ஒரு பிள்ள. எனக்கு இங்க தட்டுக்கு முன்னால ஒரு மனுசன். எட்டு மாசமாத்தான் மைனி எங்க வீட்ல சோறு சோறா எறங்குது."

வரிசை ஒரு அடி முன்னால் வந்தது. மரியதங்கம் ஜெபமாலையை உருட்டினாள். எனக்குச் சுரீர் என்று பதில் சொல்ல வரும், பிறந்ததிலிருந்து வரும். அன்று வரவில்லை, யாரும் அதை எழுதி எடுக்காமலே. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.

பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னால் சுடலைமணியின் கார்டு வந்தது. "முதல் பதினெட்டுப் பக்கமும் அழகு. எடுத்துவிடுங்கள். கதை போன் அடிக்கும்போதுதான் தொடங்குகிறது. மீதி நாலு பக்கத்தில் ஒரு ஓட்டை: வைக்கட்டுமா என்று மகள் கேட்கிறாள், அம்மா 'வை' என்கிறாள். அவள் சொல்ல நினைத்தது என்ன? அது வந்தால் இந்த இதழிலேயே போடுகிறேன், வராவிட்டால் மன்னிக்கவும்."

அந்த மனிதரை வைதேன். அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் இருந்தது ஒரு வருஷம், தெருவின் முழு வாய், என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல வேலை. அதைக் கத்தரித்தால் மிஞ்சுவது ஒரு மேஜை, ஒரு போன், ஒரு கிழட்டுப் பொம்பளை. அதை யார் படிப்பார்கள்? மதிலுக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஞானதிரவியத்தின் குரல், "மொளகாத் துவையல் நல்லாருக்கு" என்றது. பதினெட்டுப் பக்கத்தின் நகலையும் மடித்து, யாருக்கும் எட்டாத மேல்தட்டில், கஸ்பாரின் பழைய யூனிபாரத்துக்கு அடியில் வைத்தேன். நன்றாக எழுதியதை எடுத்துப் போடச் சொன்னால் எடுத்துப் போடுங்கள். எடுத்துப் போடும்போது வலிக்கும். வலிக்காதது போல நடிக்க வேண்டாம், பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

ஓட்டை இருந்தது. மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்தேன். "நல்லா இருடி" என்று எழுதினேன், அது பொய். "உடம்பைப் பார்த்துக்கோ" என்று எழுதினேன், அது எல்லா அம்மாவும் சொல்வது. யார் யார் வாயிலிருந்தோ பிடுங்கி எழுதியவள் இதை யார் வாசலில் போய் நின்று கேட்பது? நாலாம் நாள் மத்தியானம், பாத்திரம் கவிழ்த்த பிறகு, அது தானாக நோட்டில் இறங்கியது: "வைக்காதட்டி. வீட்ல யாருமில்ல."

எழுதிவிட்டு அடுப்படியில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் யாரிடமும் நான் சொல்லாத வாக்கியம், சொல்ல முடியாத வாக்கியம் ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. அன்று சாயங்காலமே நாலு பக்கத்தையும் தபாலில் சேர்த்தேன்.

இதழ் தை மூன்றாம் வாரம் வெளியானது. புதன்கிழமை நவநாளில், எல்லாரும் அவரவர் விண்ணப்பத்தை மனதுக்குள் சொல்கிற அந்த மௌனத்தில், கோவில் நிறைய ஆள் முழங்காலில் இருக்க, எங்கோ ஒரு ஊரில் முகம் தெரியாத யாரோ நாலாம் பக்கத்தைத் திருப்பினார்கள். என் வாய் திறந்தது. "வைக்காதட்டி! வீட்ல யாருமில்ல!" என்று என் குரல், கான்வென்டில் அசெம்பிளியில் ஜெபம் சொன்ன அதே உரத்த குரல், பீடம் வரை போய்த் திரும்பி வந்தது.

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் நவநாளில் வாயை விட்டு வந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது மாதாவுக்குச் சொன்னது. பாதர் அடுத்த ஜெபத்தை ஆரம்பித்தார். ஆனால் அன்று சாயங்காலம் மூன்று வீட்டிலிருந்து மூன்று கிண்ணம் வந்தது, மூன்றும் சுறாப்புட்டு. தனிமைக்குச் சுறாப்புட்டு மருந்து என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. எஸ்தர் தன் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் இருந்துவிட்டு, "அவுக தேடுவாக" என்று எழுந்து போனாள்.

ஞாயிறு இரண்டு மணிக்குப் போன் அடித்தது. ஒன்பது வாரம் கழித்து.

"அம்மா, புதன்கிழம ஒரு கூத்து" என்றாள் ரெனிட்டா, பஸ் இரைச்சலுக்கு மேலே. "பகல் டூட்டி. ஒரு கெழவிக்கு பி.பி. பாத்துட்டிருக்கேன், திடீர்னு என் வாய்ல இருந்து தமிழ்ல, 'சரிம்மா, வச்சிரட்டா?'ன்னு வருது. அந்தக் கெழவி 'சரி சரி, போ'ன்னு கைய ஆட்டுது!"

"புரிஞ்சிருக்கும். அவளுக்கும் பிள்ளைக இருக்கும்."

சிரித்தாள். சாப்பிட்டியா என்றாள், மருந்து போட்டியா என்றாள், அப்பா மெசேஜ் போட்டாரா என்றாள். சொன்னேன். ஏன் இத்தனை வாரம் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை, என்ன செய்து வைத்தேன் என்று அவளிடம் சொல்லவும் இல்லை. மூன்றரை நிமிஷம் ஆனது. நாலு ஆனது.

"சரிம்மா, வச்சிரட்டா?"

என் வாக்கியம் புதன்கிழமையே குதித்துத் தீர்த்துவிட்டது. இனிமேல் தானாக வராது, மற்ற எல்லா வார்த்தையும் போல நான் சொன்னால்தான் வரும். என்னிடம் "வை" இருந்தது. பக்கத்தில் அதுவும் இருந்தது.

"வைக்காதட்டி" என்றேன். "வீட்ல யாருமில்ல."

பஸ்ஸில் யாரோ இருமினார்கள். ஒரு பெண் குரல் அடுத்த நிறுத்தத்தின் பேரைச் சொன்னது. கதவு திறந்து மூடியது, வண்டி கிளம்பியது.

"அம்மா" என்றாள், "என் ஸ்டாப் போயிருச்சு."

"எறங்கிருக்க வேண்டியதுதான? எருமை மாதிரி ஒக்காந்திருக்கியா?"

"அடுத்ததுல எறங்கித் திரும்பி நடக்கேன். நீ பேசும்மா."

"நான் என்னத்தப் பேச?"

"எதாச்சும். அந்த வீட்ல இப்ப என்ன சத்தம் கேக்குது?"

சொன்னேன். பிரிட்ஜைச் சொன்னேன், ஆறு மின்விசிறியில் கூடத்து விசிறி மட்டும் மூன்றாம் நம்பரில் முனகுவதைச் சொன்னேன், எந்த அறையில் எத்தனை நாளாக விளக்குப் போடவில்லை என்று சொன்னேன். அவள் காலடிச் சத்தம் ஈரத்தில் சப் சப்பென்று கேட்டது, நடுவில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி நடந்தாள். குளிர் என்றாள். ம் என்றாள். அப்புறம்? என்றாள். பதினோரு நிமிஷம் நடந்தாள். சாவி திரும்பியது, கதவு சாத்தியது, பையைக் கீழே வைத்தாள். கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, மறுபடியும் கேட்டாள்.

"வை மக்களே. தூங்கு" என்றேன்.

வைத்தாள். மணி இரண்டரை ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் பாதி மிச்சம் இருந்தது.